ஏரிக்கரையில் இரண்டு லாரிகள்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றால் தவளைச் சத்தத்துக்கு மேல் லாரிச் சத்தம்தான் கேட்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டிப் போகிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் கார் உதிரிபாகங்கள், ஓசூர்ப் பக்கத்துக் காய்கறி, ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் துறைமுகம் போகும் ஷூ கன்டெய்னர்கள் எல்லாம் டீசலில் ஓடுகின்றன. சாலையோர டீக்கடையின் தகரக் கூரையை விரலால் ஒரு தேய் தேய்த்தால் கறுப்பு மையாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறுப்பு டீ ஆற்றுகிறவரின் நெஞ்சிலும் படிகிறது.

இந்த டீசல் லாரியின் இடத்துக்கு இரண்டு லாரிகள் போட்டி போடுகின்றன. ஒன்று பேட்டரி லாரி. இன்னொன்று ஹைட்ரஜன் லாரி. இரண்டையும் வேறு வேறு இனம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஹைட்ரஜன் லாரிகளில் சக்கரத்தைச் சுழற்றுவதும் மின்மோட்டார்தான். முதலாவது, மின்சாரத்தைப் பேட்டரியில் சுமந்து போகிறது. இரண்டாவது, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்த வாயுவைத் தொட்டியில் சுமந்து போய், வழியில் எரிபொருள் கலத்தில் அதை மறுபடி மின்சாரமாக்கிக்கொள்கிறது. புகைபோக்கியில் வருவது நீராவி மட்டும். ஹைட்ரஜனை இன்ஜினுக்குள் நேரடியாக எரிக்கும் வகையும் உண்டு. அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து செய்த அப்படியொரு லாரி, 2023 பிப்ரவரியில் பெங்களூரு எரிசக்தி வாரத்தில் அறிமுகமானது.

ஒன்றிய அரசு ஹைட்ரஜன்மேல் பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறது. 2023 ஜனவரி 4 அன்று ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிக்க வேண்டும் என்பது இலக்கு. 2025 மார்ச்சில் 37 ஹைட்ரஜன் வாகனங்களும் 9 நிரப்பு நிலையங்களும் கொண்ட சோதனைத் திட்டங்களை அறிவித்தார்கள். அந்தத் தடங்களின் பட்டியலில் திருவனந்தபுரம்–கொச்சி இருக்கிறது, விசாகப்பட்டினம் பக்கம் ஒரு தடம் இருக்கிறது. எங்கள் நெடுஞ்சாலை இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கே உண்டு. வருவதற்கு முன்பே இரண்டு லாரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கான அளவுகோலை இந்தத் தோல் பதனிடும் பூமி எங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

எங்கள் தாத்தா காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் குழியில் ஊற வேண்டும். பிறகு குரோம் வந்தது. வாரக்கணக்கு ஒரு நாளாகச் சுருங்கியது. தோல் மென்மையாக வந்தது, வெளிநாட்டு ஆர்டர் வந்தது, வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் ஷாப்புகள் என்று நாங்கள் சொல்லும் பதனிடும் ஆலைகள் பெருகின, ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. அது பொய்யான வளர்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஷாப்புக்கு உள்ளே போவதைக் கணக்கிட்டவர்கள், வெளியே வருவதைக் கணக்கிடவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாகச் சொல்லும் ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது இந்தப் பாலாற்றுக் கரைக்காரர்கள் போட்ட வழக்கில்தான். தோல் ஷாப்புகளுக்குத் தேவையான குரோம் உப்பின் மூலப்பொருளைத் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக் கழிவு மேடு மழைக்கு மழை மஞ்சள் நீராகக் கசிந்தது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அந்தத் தொட்டி இருந்ததே கழிவைச் சுத்தம் செய்யும் நிலையத்தில்தான்.

அதனால் எங்கள் ஊர்ப் பக்கம் 'சுத்தமானது' என்று எவர் எதைச் சொன்னாலும், உள்ளே என்ன போகிறது, பக்கவாட்டில் என்ன கழிகிறது, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பழகிவிட்டோம். இரண்டு லாரிகளிடமும் அதையே கேட்போம்.

முதலில் உள்ளே போவது. பத்தாம் வகுப்பில் தண்ணீரைப் பிரிக்கும் சோதனையை வாத்தியார் செய்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் அமிலம் கலந்த தண்ணீர், இரண்டு கரிக் குச்சிகள், ஒரு பேட்டரி. ஒரு குச்சியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஓடி வரும். இன்னொன்றில் அதில் பாதி. குமிழ் அதிகமாக வந்த குழாயின் வாயில் எரியும் தீக்குச்சியைக் கொண்டுபோனதும் 'பப்' என்று ஒரு சத்தம். வகுப்பே கைதட்டியது. ஒரு பீரியட் முழுக்கப் பேட்டரியை ஓட்டிப் பிடித்த வாயு, ஒரு 'பப்'பில் தீர்ந்தது என்பது அப்போது எவருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கணக்குதான் லாரிக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க, தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் குடிக்கிறது. சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ 11 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும், சின்ன அறையளவு. லாரியில் ஏற்ற வேண்டுமானால் காற்றழுத்தத்தைப் போல் 350 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கும் சில யூனிட். கடைசியில் எரிபொருள் கலம் திருப்பிக் கொடுப்பது 16, 17 யூனிட். சென்னையிலிருந்து பெங்களூரு வரை 350 கிலோமீட்டர் என்றும், நிறைபாரம் ஏற்றிய பெரிய லாரிக்குச் சக்கரத்தில் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் வேண்டும் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு நடைக்கு 25 கிலோ ஹைட்ரஜன் ஆகும். அதைத் தயாரித்து நிரப்ப ஏறக்குறைய 1,400 யூனிட். பேட்டரி லாரிக்கு, சார்ஜ் போடும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து, 525 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஹைட்ரஜன் லாரி ஒரு நடை போகும் மின்சாரத்தில் பேட்டரி லாரி இரண்டரை நடை போய்விடும்.

இந்த வித்தியாசத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சி கொஞ்சம் குறைக்கலாம், அழிக்க முடியாது. மின்சாரத்தை வாயுவாக்கி, வாயுவை மறுபடி மின்சாரமாக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்த்தான் தீரும்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட 38 கிலோ கரியமில வாயு. இயற்கை எரிவாயுவிலிருந்து பழைய முறையில் எடுக்கும் ஹைட்ரஜனுக்கே 10 கிலோ அளவில்தான் வருகிறது. 2023 ஆகஸ்டில் அரசு வகுத்த தரப்படி 2 கிலோவுக்கு மேல் போனால் 'பசுமை' என்ற பெயர் கிடையாது. ஒரு நடைக்கு டீசல் லாரி, லிட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று போட்டால், ஏறக்குறைய 310 கிலோ கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. இன்றைய தொகுப்பு மின்சாரத்தில் ஓடும் பேட்டரி லாரிக்கு 370 கிலோ. ஆம், டீசலைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். பேட்டரியை ஆதரிக்கிற நான் இதை மறைக்கக் கூடாது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் தொகுப்பில் ஏற ஏற இந்த எண் இறங்கிக்கொண்டே வரும், டீசலின் எண் இறங்காது. அதே தொகுப்பு மின்சாரத்தில் தயாரித்த ஹைட்ரஜனில் ஓடினால் 980 கிலோ. டீசலைப் போல் மூன்று மடங்கு கரியமில வாயுவை, கண்ணுக்குத் தெரியாத எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் கக்கிவிட்டு, எங்கள் டீக்கடை வாசலில் நீராவி விட்டுப்போகும் லாரியைச் சுத்தமானது என்று என்னால் ஏற்க முடியாது.

தண்ணீர் விஷயத்தில் நான் எதிர்பார்த்தது வேறு, கணக்கு சொன்னது வேறு. எங்கள் ஏரி, மாநிலத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜா அணைக்கட்டிலிருந்து கால்வாயில் பாலாற்று நீர் வந்து நிரம்பினால் ஒன்றரை டிஎம்சி அளவுக்குப் பிடிக்கும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது ஏரியின் உபரிநீர் வெளியேறும் கடைவாசலில் தண்ணீர் வழிவதைப் பார்க்க ஊரே திரண்டது. தண்ணீர் வராத வருடங்களில் ஏரிக்குள் மாடு மேயும். ஹைட்ரஜன் ஆலை வந்தால் இந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்றுதான் நானும் பயந்தேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுத்த நீர் 10 லிட்டர் போதும். சுத்திகரிப்புக்கும் குளிர்விக்கவும் சேர்த்தால் 20, 30 லிட்டர் வரை போகலாம். ஒரு கிலோ பச்சைத் தோலை முழுதாகப் பதனிட 30, 40 லிட்டர் ஆகிறது. தினம் ஆயிரம் லாரி ஹைட்ரஜனில் போனாலும், தினம் 5 டன் தோல் போடும் நாலைந்து ஷாப்புகள் குடிக்கும் தண்ணீர்தான். அளவு பெரிய பயம் இல்லை.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. எலக்ட்ரோலைசருக்கு உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். பாலாற்றங்கரைக் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்பதை எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தின் அடியில் படிந்த வெள்ளையே சொல்லும். அந்த நீரை ஆர்.ஓ. போட்டுச் சுத்தம் செய்தால், பிரிந்த உப்பெல்லாம் செறிவான கழிவுநீராக ஒதுங்கும். அதை எங்கே விடுவது? தோல் ஷாப்புகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்த ஒரே கேள்வியோடுதான். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது என்ற விதிப்படி ஆர்.ஓ. கழிவைக் கொதிக்க வைத்து, ஆவியாக்கி, மிஞ்சிய உப்பை மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளூர் நிலத்தடி நீரை நம்பி ஒரு ஹைட்ரஜன் ஆலை வருமானால், அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு கொட்டகை கட்ட வேண்டிவரும். பேட்டரி லாரிக்கு இங்கே தண்ணீரே வேண்டாம்.

பேட்டரி லாரிக்கு மிச்சமே இல்லை என்று சொன்னால் தப்பு. லித்தியம் எங்கோ ஒரு நாட்டு மண்ணைத் தோண்டித்தான் வருகிறது. ஓய்ந்துபோன பேட்டரியைத் தயாரித்தவரே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்திருக்கிறது. ஏட்டிலிருக்கும் விதிக்கும் தொழிற்பேட்டைப் பின்பக்கத்துக்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தெரியும். ஊர்க் கோடியில் ஒரு குடோனில் பழைய லித்தியம் பேட்டரியை உடைக்கும் தொழில் முளைத்தால், ராணிப்பேட்டைக் குரோம் கழிவு மேட்டுக்குக் காட்டிய அலட்சியத்தை அதற்கும் காட்டிவிடக் கூடாது. ஆனாலும் பேட்டரியின் மிச்சம் திடப்பொருள். எண்ணலாம், எடை போடலாம், தேடிப் பிடிக்கலாம்.

எடையிலும் நேரத்திலும் ஹைட்ரஜன் ஜெயிக்கிறது, அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். 350 கிலோமீட்டருக்குத் தேவையான பேட்டரி மூன்று டன்னுக்கு மேல் கனக்கும். ஹைட்ரஜன் தொட்டிகள் அரை டன்னில் முடிந்துவிடும். பேட்டரி வேக சார்ஜரிலும் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், ஹைட்ரஜன் கால் மணி, இருபது நிமிடத்தில் நிரம்பும். இரும்புச் சுருள் ஏற்றி இரவோடிரவாகப் போகிறவருக்கு இது பெரிய விஷயம். தோல் வியாபாரத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார்த்தேன். ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 120 கிலோமீட்டர். ஆம்பூரிலிருந்து சுமார் 190. ஷூ பெட்டிகள் அடுக்கிய கன்டெய்னரில் எடைக்கு முன்னால் இடம்தான் நிரம்புகிறது. மூன்று டன் பேட்டரி அதற்குச் சுமையாகத் தெரியாது. துறைமுக வாசலில் வரிசையில் நிற்பது டிரைவர்களுக்குப் பழகிப்போன காத்திருப்பு. அந்த நேரத்தில் சார்ஜ் ஏறட்டும். எங்கள் பகுதியின் சொந்தச் சரக்குக்கு ஹைட்ரஜன் லாரியின் இரண்டு பலமும் தேவைப்படவே இல்லை.

செலவைப் பார்த்தால், 2025இல் பானிபட் சுத்திகரிப்பு ஆலைக்கான டெண்டரில் பசுமை ஹைட்ரஜனுக்கு வந்த விலை கிலோ 397 ரூபாய். ஒரு நடைக்குப் பத்தாயிரம் ரூபாய், டீசல் செலவுக்குச் சமம். ஆனால் அது பெரிய ஆலைக்குள் குழாயில் போகும் வாயுவின் விலை. அழுத்தி, லாரியில் ஏற்றி, காவேரிப்பாக்கம் பங்க் வரை கொண்டுவந்தால் விலை எங்கேயோ போய்விடும். பேட்டரி லாரிக்கு யூனிட் பத்து ரூபாய் என்று போட்டாலும் ஐயாயிரத்துச் சொச்சம். பிரான்ஸின் மோன்ட்பெல்லியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ்களுக்குத் திட்டமிட்டுவிட்டு, ஓட்டும் செலவு மின்சார பஸ்ஸைப் போல் ஆறு மடங்கு என்று கண்டதும் 2022 ஜனவரியில் கைவிட்டது. பணக்கார நகரமே பின்வாங்கிய கணக்கு அது.

பக்கத்தில் குடியிருப்பவர்களையும் நினைக்க வேண்டும். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், 75 சதவீதம் வரை பிடிக்கும். அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. மணமும் இல்லை. மிக லேசானது என்பதால் திறந்தவெளியில் சட்டென்று மேலே போய்விடும் என்பது பெரிய ஆறுதல். 2019 ஜூன் 10 அன்று நார்வேயில் ஆஸ்லோ அருகே ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் சில போல்ட்டுகளைச் சரியாக முடுக்காததுதான் காரணம். போல்ட் முடுக்குவதில் நார்வேக்காரர்கள் தவறினார்கள் என்றால், ஒப்பந்தக்கூலிக்கு ஆள் வைத்துத் தொட்டி கட்டும் எங்கள் தொழிற்பேட்டைகளை நினைத்துக் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை. லித்தியம் பேட்டரியும் எரியும், எரிந்தால் அணைப்பது கஷ்டம். ஆனால் அதற்கு 350 மடங்கு அழுத்தத் தொட்டி ஊர் நடுவே வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால் ஹைட்ரஜனே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு வேறு யாராலும் உட்கார முடியாத நாற்காலிகள் இருக்கின்றன. மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையும் பல்லாண்டுகளாகப் புதைபடிவ எரிபொருளிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துப் பயன்படுத்திவருகின்றன. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அந்த இடத்தில் பேட்டரியை வைத்து என்ன செய்வது? காவேரிப்பாக்கம் ஏரிப் பாசன வயலில் நெல்லுக்குப் போடும் யூரியா மூட்டையைப் பசுமை ஹைட்ரஜனில் தயாரிக்க முடிந்தால், அந்த வாயு எங்கள் ஊருக்கு லாரித் தொட்டியில் வருவதைவிட உரமாக வந்து அதிகம் உழைக்கும். ஆடிக் காற்றில் காற்றாலைகள் அள்ளித் தரும் மின்சாரத்தை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கவும் பேட்டரி தோதுப்படாது, ஹைட்ரஜன் தோதுப்படும்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5 அன்று ஒரு சிறிய பசுமை ஹைட்ரஜன் நிலையம் திறந்தார்கள். செலவு 3.87 கோடி. மணிக்கு 10 கன மீட்டர் வாயு. அதைக் கொண்டு துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளையும் மின்வாகன சார்ஜிங் நிலையத்தையும் இயக்குகிறார்கள். மணிக்கு 10 கன மீட்டர் என்றால் ஒரு கிலோவுக்கும் குறைவு. எங்கள் நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் ஒரு நடைக்குச் சேர்க்க 28 மணி நேரம் ஆகும். தொடக்கம் சிறியது என்று குறை சொல்ல வரவில்லை. கடல் பக்கத்தில், காற்றாலைகளுக்கு நடுவில், உர ஆலையும் கப்பலும் காத்திருக்கும் ஊரில் தொடங்கியிருக்கிறார்கள். இடம் சரி.

எங்கள் பகுதிக்கும் ஹைட்ரஜனுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று எனக்கு ஓர் ஆசை. பள்ளிச் சோதனையில் அமிலத்துக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் ஒரு குச்சியில் ஹைட்ரஜனும் இன்னொன்றில் பிளீச்சிங் பவுடர் மணமும் வரும். மேட்டூரில் காஸ்டிக் சோடா ஆலை செய்வது இதைத்தான். ஒரு டன் காஸ்டிக் சோடாவோடு 25 கிலோ ஹைட்ரஜன் உபரியாக வருகிறது. தோல் ஷாப்புகளின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதும் உப்புதான், கொழுப்பும் புரதமும் சாயமும் கலந்த உப்பு. அதைக் கழுவித் தேற்றி மின்னாற்பகுப்புக்கு அனுப்ப ஒரு வழி கிடைக்குமா என்று அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் யாரையாவது பார்த்தால் கேட்க வேண்டும். லாரிக்கு வாயு கிடைக்கிறதோ இல்லையோ, உப்பு மேடு கரைந்தால் பாலாற்றுக்கு நல்லது.

ஹைட்ரஜன் ரயில் பற்றியும் ஊரில் பேச்சு அடிபடுகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் வெற்றிகரமாகச் சோதித்தார்கள். அதைச் செய்தது ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் தடத்துக்காக. நம்மாட்கள் கைவேலை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எங்களுக்கு ரயில் புதிதில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வந்து நின்றது வாலாஜா ரோட்டில். அந்தத் தடத்துக்கு மேல் இப்போது மின்கம்பி ஓடுகிறது. பேட்டரியும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம், கம்பியிலிருந்து நேராக மோட்டாருக்கு. வாலாஜா ரோட்டிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஒரு கிளைப் பாதையும் போட்டிருக்கிறார்கள். ஷூ கன்டெய்னர்களில் பாதியையாவது அந்தக் கம்பியின் கீழே ஏற்றிவிட்டால், ஏரிக்கரை டீக்கடைக்காரர் தகரக் கூரையைத் தீபாவளிக்குத் தீபாவளி கழுவினால் போதும்.